என் பேத்தியின் பெயர் எரிகா

எங்கள் மாதா கோயிலில் பூசைக் கருத்து கொடுப்பதற்கு ஒரு சின்னத் துண்டுச்சீட்டு உண்டு. யாருக்காகப் பூசை, என்ன காரணம், கொடுப்பவர் யார் என்று மூன்று கோடு போட்டிருக்கும். எழுதி உபதேசியாரிடம் கொடுத்துவிட்டால், சாயங்காலப் பூசை தொடங்கும் முன் சாமியார் அதை மைக்கில் வாசிப்பார். என் மனைவி இறந்து ஒரு வருடம் நிறைந்த அன்று நானும் ஒரு சீட்டு எழுதினேன். அவளுடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று எழுதியது சரி. அதோடு நிறுத்தியிருக்கலாம். கீழே, 'அவள் பெயரைத் தாங்கி ஜெர்மனியில் பிறந்திருக்கும் பேத்திக்காக நன்றியாகவும்' என்று சேர்த்து எழுதினேன்.

அது பொய். என் பேத்திக்கு என் மனைவியின் பெயர் இல்லை. அவள் பிறந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. அந்த ஊர்ப் பதிவு அலுவலகத்தில் எரிகா என்று எழுதி முத்திரையும் குத்தியாகிவிட்டது. எனக்கு அது தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

ஏன் எழுதினேன் என்று கேட்டால் எங்கள் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். முதலில் பிறக்கும் பெண்ணுக்கு அப்பத்தாள் பேர், அதற்கு அடுத்ததற்கு அம்மாச்சி பேர். அது எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் மீறினால் கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சும்மா விடமாட்டார். மகள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த வாரமே, வத்தலக்குண்டிலிருந்து சம்பந்தியம்மா போன் போட்டார்.

"அண்ணே, நான் கல்லு மாதிரி உக்காந்திருக்கேன். எம் பேருக்கு இப்ப என்ன அவசரம்? போனவுக பேரை வைங்க. பொம்பளப் பிள்ளையா இருந்தா மதினி பேருதான். நான் மனசோட சொல்றேன்."

தன் உரிமையை அப்படி விட்டுக்கொடுக்க எல்லாருக்கும் மனசு வராது. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். அன்றிலிருந்து ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பெண் பிள்ளைதான், அவள் பேர்தான் என்று. அவள் போனதில் ஏற்பட்ட பள்ளத்தை அந்தப் பேர் வந்து மூடிவிடும் என்று நினைத்தேன். மூடாது என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை.

நான் கொடைக்கானலில் முப்பது வருடம் சுற்றுலாக் கார் ஓட்டியவன். பள்ளிக்கூடத்தில் கற்றது கொஞ்சம், காரில் ஏறியவர்களிடம் கற்றது மிச்சம். என் மனைவி ஒரு பள்ளி விடுதியில் ஆயாவாக இருந்தாள். எங்களுக்கு ஒரே மகள். நர்சிங் முடித்து, மதுரையில் தங்கி ஜெர்மன் மொழி படித்து, ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போனாள். மருமகனுக்கும் அதே ஊரில் ஆஸ்பத்திரி வேலை. "வயசானவுகளைக் குளிப்பாட்டி விடறதுக்கா இவ்வளவு படிச்ச?" என்று ஒருவர் கேட்டபோது, என் மனைவி, "நான் பிள்ளைகளைக் குளிப்பாட்டுனேன், அவ பெருசுகளைக் குளிப்பாட்டுறா. எங்க குடும்பத்துக்கு ரெண்டு பக்கமும் வேலை கெடக்கு" என்றாள். அவள் அதிகம் பேசமாட்டாள். பேசினால் அப்படித்தான்.

போன வருடம் ஐப்பசியில் அவள் இறந்தாள். வயிற்றில் வந்த நோய். கண்டுபிடித்ததிலிருந்து நான்கு மாதம். அந்த நேரம் பார்த்து மகளின் தங்கும் அனுமதி முடிந்து, புதுப்பிக்கக் கொடுத்திருந்தார்கள். நாட்டை விட்டுக் கிளம்பினால் திரும்பி உள்ளே விடுவார்களா என்று தெரியாது. 'வரட்டுமா?' என்று அவள் கேட்டபோது, 'வராதே' என்றவன் நான்தான். அடக்கத்தை என் அக்கா பையன் போனில் பிடித்துக் காட்டினான். மழைத் தூற்றலில் குடைக்குக் கீழே போனை நீட்டிக்கொண்டு அவன் நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. கல்லறை இருக்கும் சரிவில் சிக்னல் நிற்காது. பெட்டியை இறக்கும்போது திரையில் மகள் முகம் அப்படியே உறைந்து, பிறகு அணைந்துபோனது.

பேத்தி பிறந்த மூன்றாம் நாள், மகள்தான் வீடியோவில் வந்து சொன்னாள்.

"அப்பா, பேரு குடுத்துட்டோம். எரிகா."

"அது என்னம்மா பேரு?"

"ஒரு பூவோட பேருப்பா. இங்க பொட்டக்காட்டுல பூக்கும். ஊதாக் கலரு."

"பூப் பேருதான் வேணும்னா நம்ம குறிஞ்சி இல்லையா?"

"அது பன்னெண்டு வருஷத்துக்கு ஒருக்கா பூக்கும். இது வருஷா வருஷம் பூக்கும்ப்பா."

சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் சிரிக்கவில்லை. "அம்மா பேரு?" என்றேன். அவள் பிள்ளையைத் தோளுக்கு மாற்றிப் போட்டு முதுகைத் தட்டினாள். "அப்புறம் பேசலாம்ப்பா" என்றாள். அந்த 'அப்புறம்' வரவே இல்லை.

சொந்தத்தில் என் அக்காவிடம் மட்டும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "எரிகாவா? ஏலே, அடுப்பு எரியுறதா, அடிவயிறு எரியுறதா? ஒம் பொண்டாட்டி பேரு அவ வாயில நுழையலையாமா? வெள்ளக்காரி ஆயிட்டாளோ?" என்றாள். பிறகு அவளே, "சரி, வெளிய சொல்லாத. நம்ம பக்கம் நம்ம பேரைச் சொல்லிக்குவோம்" என்றாள். அந்த யோசனை எனக்குப் பிடித்துப்போனது. எங்கள் ஆட்களில் எல்லாருக்கும் இரண்டு பெயர் உண்டு. ஞானஸ்நானத்தில் ஒன்று, சர்ட்டிபிகேட்டில் ஒன்று; வீட்டில் மூன்றாவது ஒன்றும் இருக்கும். அங்கே காகிதத்தில் எரிகா இருந்துவிட்டுப் போகட்டும், இங்கே அவள் அம்மாச்சி பேர் இருக்கட்டும், நாலாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பஜாரில் தைலமும் சாக்லேட்டும் விற்கிற பாய் ஒருவர் எனக்கு நெடுநாள் சிநேகம். சவாரி இல்லாத நேரம் அவர் கடை முக்காலியில்தான் என் இருப்பு. அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"அண்ணே, பேரு வைக்கறது பெத்தவ பாடு. நீங்க இங்க இருந்து ஒரு பேரு போட்டுக் குடுக்க அது என்ன பஸ் டிக்கெட்டா?"

"உங்களுக்கு வந்தாத் தெரியும் பாய்."

"எனக்கு வந்துச்சுங்க. எங்க அத்தா பேரை எம் பையன் அவன் பிள்ளைக்கு வைக்கல. நாலு நாள் சாப்பிடாம கெடந்தேன். அஞ்சாம் நாள் பசிச்சிருச்சு." தைலக் குப்பியைத் துடைத்து வைத்துவிட்டு, "அந்தப் பேரை ஏன் வச்சாங்கன்னு கேட்டீங்களா?" என்றார்.

கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

அதற்கடுத்த வாரம் ஒரு ஜெர்மன் தம்பதி சவாரிக்கு வந்தார்கள். அறுபதுக்கு மேல் வயது. அடுக்கம் வழியாகப் பெரியகுளம் இறங்க வேண்டும் என்றார்கள். மழைக்கு அந்த ரோட்டில் மண் சரிந்து கிடக்கும், மெதுவாகத்தான் போக முடியும் என்றேன், அவர்களுக்கும் அவசரமில்லை. அந்த அம்மா முன் சீட்டில் உட்கார்ந்தார். வளைவுகளுக்கு நடுவே, என் இங்கிலீஷில், என் பேத்தி உங்கள் ஊரில் பிறந்திருக்கிறாள், எரிகா என்று பேர் வைத்திருக்கிறார்கள் என்றேன். அவர் கைகொட்டிச் சிரித்தார். பின்னால் திரும்பிக் கணவரிடம் சொன்னார், அவரும் சிரித்தார்.

"கோபித்துக்கொள்ளாதீர்கள். அது என் பெரியம்மா பெயர். என் டீச்சர் பெயர். பக்கத்து வீட்டு அம்மா பெயரும் அதுதான். இப்போது யாரும் வைப்பதில்லை. அந்தப் பெயர் உள்ளவர்கள் எல்லாரும் கைத்தடியோடு நடக்கிறார்கள்."

பிறகு அவரே இரக்கப்பட்டு விளக்கமாகச் சொன்னார். வடக்கே குளிர் நாட்டில் எரிக் என்று ஆண்களுக்கு ஒரு பழைய பெயர். எப்போதும் ஆள்பவன் என்று அர்த்தமாம். அதன் பெண்பால்தான் எரிகா. இன்னொரு பக்கம், கிரேக்க மொழியிலிருந்து லத்தீன் வழியாக வந்த ஒரு செடியின் பெயரும் எரிகா. அதற்கு உடைப்பது என்று மூலம் சொல்கிறார்கள். சிறுநீரகக் கல்லை உடைக்கும் மருந்தாக அந்தச் செடியை நம்பினார்களாம். இரண்டுக்கும் சொந்தமே கிடையாது. வத்தலக்குண்டு ரோடும் பழனி ரோடும் எங்கெங்கோ கிளம்பிப் பெருமாள்மலையில் வந்து ஒன்றாகிற மாதிரி, அந்த இரண்டு பெயரும் ஜெர்மனியில் வந்து சேர்ந்துவிட்டன. அவருடைய பாட்டி காலத்தில் வீட்டுக்கு ஒரு எரிகா இருந்தாளாம். பெயரைச் சொன்னால் யாருக்கும் ராஜா ஞாபகம் வராது, பூதான் ஞாபகம் வரும் என்றார். போர்க்காலத்தில் சிப்பாய்கள்கூட அந்தப் பேரைப் பாடிக்கொண்டு நடந்தார்களாம். அதனாலேயே அவருடைய அம்மாவுக்கு அது காதில் விழவே பிடிக்காதாம். அப்புறம் மெல்ல மெல்ல பிள்ளைகளுக்கு வைப்பது நின்றுபோனது.

செடி எப்படி இருக்கும் என்று கேட்டேன். முழங்கால் உயரம்கூட வராது என்றார். மணலும் புளிப்புமான மண், வேறு எதுவும் விளையாத பொட்டல், அங்கேதான் படர்ந்து கிடக்கும். ஆடு மேயும், தேனீ வரும், ஏழைகள் அதைக் கட்டித் துடைப்பம் செய்வார்கள். கோடை முடிகிறபோது கண்ணுக்கு எட்டிய வரை ஊதா. நான் காரைக் கொஞ்சம் ஓரம் கட்டினேன். கீழே அடுக்கம் ஊரை மேகம் மூடியிருந்தது. எனக்கு மனம் இளகத் தொடங்கியிருந்தது, உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா. ஏழை மண்ணில் பூக்கிற பூ. பரவாயில்லை, நம்ம ஆளுதான் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அந்த அம்மா சொன்னார். "இலையுதிர் காலத்தில் கடை எல்லாம் எரிகா தொட்டிதான். கல்லறைகளுக்கு வாங்கிப் போவோம். குளிர் தாங்கும், பனி விழுந்தாலும் நிற்கும், செத்த பிறகும் நிறம் போகாது. எங்களுக்கு அது கல்லறைப் பூ."

அவர்களைப் பெரியகுளத்தில் இறக்கிவிட்டேன். பிறந்து மாதம் திரும்பாத பிள்ளைக்குக் கல்லறைப் பூவின் பேர். அதற்காகவா என் வீட்டுக்காரி பேரைத் தள்ளினார்கள்? திரும்பி மேலே ஏறும்போது காரில் நான் மட்டும்தான். அந்த இரண்டாவது வரியை எழுதுவது என்று அந்த ஏற்றத்தில்தான் முடிவு செய்தேன்.

நினைவுப் பூசை அன்று சாமியார் சீட்டை வாசித்தார். என் மனைவியின் பெயரை முழுதாகச் சொன்னார். 'அவர் பெயரைத் தாங்கிப் பிறந்திருக்கும் பேத்திக்காக' என்றபோது பெஞ்சுகளில் ஒரு சலசலப்பு. நாலைந்து பேர் திரும்பி என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிடம் நன்றாகத்தான் இருந்தது.

கொரோனா காலத்திலிருந்து எங்கள் கோயில் பூசையை யூடியூபில் விடுகிறார்கள். பலிபீடத்துக்கு எதிரே தூணில் ஒரு கேமரா இருக்கிறது. தினமும் அதற்குக் கீழேதான் நான் உட்காருகிறேன். ஆனாலும் அது எனக்குத் தோன்றவே இல்லை. இங்கே சாயங்காலம் என்றால் அங்கே மதியம். அம்மாவின் வருஷப் பூசையைப் பார்க்க மகள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு போன் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

நான் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றவில்லை, போன் வந்தது.

"அப்பா, யாருப்பா அது?"

"யாரும்மா?"

"அம்மா பேரைத் தாங்கிப் பொறந்த பேத்தி. எனக்குத் தெரியாம உங்களுக்கு வேற யாரும் பேத்தி இருக்காளா?"

நான் எதையோ சொல்லிச் சமாளித்தேன். சொந்தக்காரர்கள் வாய், சம்பந்தியம்மா மனசு, ஊர் வழக்கம் என்று. எல்லாம் தீர்ந்த பிறகு, "எம் பிள்ளைக்கு அவ தாத்தாவே பேரு இல்லாம ஆக்கிட்டாரு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். பத்து நாள் போன் இல்லை. நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. மருமகன் எடுத்து, "தூங்குறாங்க மாமா" என்பார். பகலிலும் அதே பதில்.

அந்தப் பத்து நாளுக்குள் கல்லறைத் திருநாள் வந்தது. செவ்வந்தியும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு போனேன். மழை விட்டுவிட்டுப் பெய்தது; ஏற்ற ஏற்ற மெழுகுவர்த்தி அணைந்தது. பக்கத்துக் கல்லறைக்கு வந்திருந்த பெண் என்னிடம் வந்து, "அக்கா பேரையே வச்சிட்டாகளாமே. குடுத்து வச்சவுக" என்றார். "ஆமாம்மா" என்றேன். என் மனைவி படுத்திருக்கிற இடத்துக்கு முன்னால் நின்றுகொண்டே சொன்னேன். அவர் போன பிறகு அங்கே நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. பூவை வைத்துவிட்டு வெரசா இறங்கி வந்துவிட்டேன்.

பதினோராம் நாள் மகளே கூப்பிட்டாள். கோபம் இல்லாத குரல். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"அப்பா, அம்மாவ உள்ள இறக்குறப்போ போன் கட்டாயிடுச்சுல்ல. அன்னைக்கு நான் என்ன செஞ்சேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா." நான் கேட்டதும் இல்லை.

"டூட்டிக்குப் போனேன். ரூம்ல உக்காந்திருந்தா பைத்தியம் பிடிச்சிரும்னு. எங்க ஹோம்ல ஒரு பாட்டி. அதுக்கு மறதி நோய். சொன்னது பத்து நிமிஷத்துல மறந்துரும். நான் தலை சீவி விடறப்போ எம் மூஞ்சியப் பாத்து, ஏன் அழுதேன்னு கேட்டுச்சு. எங்கம்மா செத்துட்டாங்கன்னேன். அது அப்படியே என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதுச்சுப்பா. உங்கம்மா பேரு என்னன்னு கேட்டுச்சு. சொன்னேன். அதுக்கு வாயில வரல. திருப்பித் திருப்பிச் சொல்லிப் பாத்துச்சு. சரியா வந்ததும் சந்தோசமா இன்னொரு தடவ சொல்லுச்சு."

போனை இன்னும் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அப்புறம் மறந்துருச்சு. சாயங்காலம் காப்பி குடுக்கப் போனா, உங்கம்மா எப்படியிருக்காங்கன்னு கேக்குது. செத்துட்டாங்கன்னா புதுசா அழுகுது. மறுபடி பேரு கேக்குது. மறுபடி சொல்லிப் பாக்குது. அன்னைக்கு மட்டும் எத்தன தடவையோ. மறுநாளும் அதே. அது சாகுற வரைக்கும் நாலு மாசம், நான் ரூமுக்குள்ள போறப்பல்லாம் அம்மா பேரு. மத்த நர்ஸெல்லாம், இவகிட்ட ஏன் உண்மையச் சொல்லிக் கஷ்டப்படுறே, நல்லாயிருக்காங்கன்னு சொல்லிரேன்னாங்க. எனக்குச் சொல்ல மனசு வரல. நல்லாயிருக்காங்கன்னு சொன்னா பேரு கேக்காதுல்ல."

"அந்தப் பாட்டி பேருதானா?"

"ஆமாப்பா. எரிகா."

பிறகு அவள் கேட்டாள். "நம்ம வீட்ல அம்மாவ யாருப்பா பேர் சொல்லி அழுதா? வீடியோல பாத்துட்டுத்தான இருந்தேன். அக்கான்னாங்க, மதினின்னாங்க, ஆயாம்மான்னாங்க. நீங்க என்ன சொல்லி அழுதீங்க?"

"பாப்பாம்மா" என்று அழுதேன். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மகள் பிறந்ததிலிருந்து நான் அவளைக் கூப்பிட்டது அப்படித்தான், பாப்பாவின் அம்மா. அதற்கு முன்னால் 'ஏ புள்ள', 'இந்தா'. விடுதியில் அவள் ஆயா. சின்ன வயதில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் அவளுக்கு முன்னாலேயே போய்விட்டார்கள்.

"அப்ப அம்மா பேரையே வச்சிருக்கலாமேம்மா" என்றேன், கடைசி முயற்சியாக.

"வச்சா நான் கூப்பிடுவேனா? அம்மா பேரைச் சொல்லி வாடி, போடி, ஏண்டி கொட்டுனேன்னு அதட்டுவேனா? பாப்பா, அம்முன்னுதான் கூப்பிடுவேன். நீங்களும் அப்படித்தான். பேரு காகிதத்துலயே கெடக்கும். அம்மாவுக்கு இருந்த மாதிரியே. எரிகான்னா வாய் நெறயக் கூப்பிடலாம்ப்பா."

ஜெர்மன் அம்மா சொன்னது ஞாபகம் வந்து, அது கல்லறைக்கு வைக்கிற பூவாமே என்றேன். "தெரியும்ப்பா" என்றாள். "போன வருஷம் நானும் ஒரு தொட்டி வாங்குனேன். அம்மா கல்லறை இங்க இல்ல. எங்க வைக்கறதுன்னு தெரியாம ஜன்னல்ல வச்சேன். குளிர்காலம் பூரா நின்னுச்சு."

போனை வைத்த பிறகு நான் யோசித்தது ஆஸ்பத்திரியைப் பற்றி. மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு முதல் தடவை அவளைக் கூட்டிப் போயிருந்தேன். வெளியே நூறு பேர். நர்ஸ் கதவைத் திறந்து ஒரு பெயரைக் கூப்பிட்டார். யாரும் எழவில்லை. மறுபடி கூப்பிட்டார். எந்தப் பொம்பளைக்கு இப்படிக் காது கேட்கவில்லை என்று நானும் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவள் என் முழங்கையை இடித்து, "நம்மளத்தாங்க" என்றாள். எழுவதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். இன்னும் ஒரு மணி நேரம் காத்திருந்தோம். வலியோடு உட்கார்ந்திருந்தவள், அதைச் சொல்லி என்னை ஒரு வார்த்தை குத்தவில்லை. அப்போது அது எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. ஊருக்குத் திரும்பி நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தேன்.

அந்தப் பேருக்காகத்தான் நான் மகளோடு சண்டை போட்டேன். இதை எழுதும்போதுகூட 'என் மனைவி', 'அவள்' என்றுதான் கை போகிறது.

அடுத்த ஞாயிறு வெள்ளனே கோயிலுக்குப் போய் இன்னொரு சீட்டு எழுதினேன். உபதேசியார் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு படித்தார்.

"பேத்தி எரிகாவுக்கு நன்றியாக. ரெண்டாவது பேத்தியா?"

"இல்லைங்க. அதே பேத்திதான்."

"அப்ப போன மாசம் வாசிச்சது? எழுதறப்போ தப்பாயிருச்சோ?"

"தப்பா எழுதல. பொய் எழுதிட்டேன்."

அவர் சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இது எந்தப் புனிதை பேரு?"

"புனிதை இல்லைங்க. ஒரு பாட்டி பேரு."

காலைப் பூசையில் வாசித்தார்கள். இந்தத் தடவையும் பெஞ்சுகள் சலசலத்தன, ஆனால் யாரும் திரும்பித் தலையாட்டவில்லை. வாசலில் என் அக்கா காத்திருந்தாள். "மானத்த வாங்கிட்டியேடா" என்றாள். அவள் குடையை விரித்துக் கொடுத்தேன்.

சம்பந்தியம்மாவிடம் மருமகன் பயந்து அதுவரை பேரைச் சொல்லியிருக்கவில்லை; நானே போன் செய்து சொன்னேன். "அப்படிங்களா" என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "மதினி பேரு இல்லைன்னா எம் பேரையாவது வச்சிருக்கலாம்லண்ணே. ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல" என்றார். மனசோடு விட்டுக்கொடுத்தவருக்கு அந்த உரிமை கைமாறவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை.

அன்று மதியத்துக்குப் பிறகு மகள் வீடியோவில் வந்தாள். எழுந்ததும் யூடியூபில் பூசையைப் பார்த்திருக்கிறாள். பிள்ளையின் முகத்தை மட்டும் திரை முழுக்கக் காட்டினாள். சிவந்து, நெற்றி சுருங்கிய ஒரு முகம். என் மனைவியின் சாடையைத் தேடினேன். இல்லை. மருமகன் சாடைதான்.

"அவகிட்ட அம்மாச்சி பேரைச் சொல்லுங்கப்பா" என்றாள்.

"நீ சொல்லு."

"நான் நாலு மாசம் சொல்லியாச்சு. நீங்க சொல்லுங்க."

வீட்டில் யாரும் இல்லை. ஆனாலும் யாராவது இருக்கிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். வாயைத் திறந்து சொன்னேன். ரேஷன் கடையில் கார்டைப் பார்த்துக் கூப்பிடுகிறவர் குரல் மாதிரி வந்தது. யாரோ ஒருத்தியின் பெயர். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. கேட்பதற்கு அவள் இல்லை.

"இன்னொரு தடவ" என்றாள் மகள்.

சொன்னேன். இந்தத் தடவை பாதியில் நிறுத்தி, இருமி, முழுதாகச் சொன்னேன்.

"அவ தூங்கிட்டாப்பா."

"தூங்கட்டும். நீ போனை அங்கேயே வை" என்றேன். "நான் சொல்லிப் பழகிக்கிறேன்."